கருமுட்டையின் தரமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஃபைலோடு ஒரு மாத்திரைப் பையும் இருக்கிறது. கோ என்சைம் க்யூ10, மெலடோனின், வைட்டமின் இ, அப்புறம் பெயர் வாயில் நுழையாத இரண்டு மூன்று. எதற்கு இத்தனை என்றால், "முட்டை குவாலிட்டிக்கு" என்பார்கள். நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முட்டைகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் தொழில். வராந்தாவில் நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகளுக்கு நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம்.

"ஸ்ட்ரெஸ்" என்று டாக்டர் சொன்னார். நான் டென்ஷன் ஆவதால்தான் முட்டை கெட்டுப்போகிறதா?

இல்லை. இது பெயர் செய்த குழப்பம். ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது மனசு சம்பந்தப்பட்டது அல்ல, வேதியியல் சம்பந்தப்பட்டது. ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் 1985இல் அதற்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தார்.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை டப்பாவில் மறந்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் சிக்கு வாடை அடிக்குமே, அது எண்ணெயிலுள்ள கொழுப்பை ஆக்சிஜன் தாக்கியதால் வருவது. செல்லுக்குள்ளும் இதன் சாயலில் ஒன்று எப்போதும் நடக்கிறது. நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு முழுசாகத் தண்ணீராக மாறாமல் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அடங்காத மூலக்கூறுகளாக நின்றுவிடும். சவ்வு, புரதம், டி.என்.ஏ என்று பக்கத்தில் கிடைப்பதை அவை சேதப்படுத்தும். அடக்கி வைக்க உடலிடமே குளூட்டதயோன், கேட்டலேஸ் மாதிரி ஆட்கள் உண்டு. உற்பத்தி ஏறி அடக்குகிறவர்கள் சளைத்துப்போகும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

"நீ டென்ஷன் ஆகறதாலதான் தள்ளிப்போகுது" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் பதிலை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

உடம்பில் இத்தனை செல்கள் இருக்க, முட்டைக்கு மட்டும் என்ன தனி ஆபத்து?

வயது. உங்களுக்கு 36 வயது என்றால் உங்கள் முட்டைக்கு 36 வயதும் சில மாதங்களும். தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போதே ஒரு பெண்ணின் சினைப்பையில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சம் ஆகிவிடும், வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை 400, 500தான். தோல் செல்லும் ரத்தச் செல்லும் புதிதுபுதிதாக உருவாகின்றன. முட்டை அப்படியில்லை. குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் சேதம் சேர்கிறது.

இரண்டாவது காரணம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் இடமும் அதுதான், அந்த அடங்காத மூலக்கூறுகள் பெருமளவு பிறக்கும் இடமும் அதுதான். முதிர்ந்த ஒரு முட்டையில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ மட்டும் லட்சக்கணக்கான பிரதிகள் இருக்கும். எதற்கு இவ்வளவு? கரு உருவாகி முதல் சில நாட்களுக்குப் புதிய மைட்டோகாண்ட்ரியா உண்டாவதில்லை. முட்டை கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோற்றைத்தான் ஒவ்வொரு செல்லும் பங்கிட்டுக்கொண்டு ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்னும், கருப்பையில் ஒட்டத் தயாராகும் கருநிலை வரை போகிறது. கட்டுச்சோறு ஊசிப்போயிருந்தால் பயணம் மூன்றாம் நாளிலேயே நின்றுவிடும். "கரு மூணு நாள் நல்லா இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்று கேள்விப்படுகிறீர்களே, அதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

"குவாலிட்டி" என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?

நேர்மையாகச் சொன்னால், பார்த்துச் சொல்ல முடிவது கொஞ்சம்தான்.

முட்டை எடுக்கும் நாளில் அறுவை அரங்கிலிருந்து, சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் சினைத்திரவம் சோதனைக்குழாயில் சூடு ஆறாமல் ஆய்வகத்துக்கு வரும். தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் தேடினால், மேகத்துணுக்கு மாதிரி மினுங்கும் ஒரு திரள் தெரியும். முட்டையைச் சுற்றியுள்ள துணைச் செல்கள் அவை. முட்டை அதற்குள்ளே இருக்கும், 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரியது. இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்வதாக இருந்தால் அந்த மேகத்தைக் கரைத்துவிட்டுப் பார்ப்போம். ஓரத்தில் சின்னக் குமிழி மாதிரி துருவச் சிற்றணு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் முட்டை முதிர்ந்திருக்கிறது. உள்ளே கருத்து மணல்மணலாக இருந்தாலோ, குமிழ்கள் இருந்தாலோ, உருவம் கோணியிருந்தாலோ குறித்துவைப்போம்.

ஆனால் பார்க்க லட்சணமாக இருந்த முட்டை கருவாகாமல் போனதும் உண்டு, கோணல் முட்டையிலிருந்து நல்ல பிளாஸ்டோசிஸ்ட் வந்ததும் உண்டு. தரத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத குரோமோசோம் எண்ணிக்கையில் இருக்கிறது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதக் கட்டுகள் நீங்கள் பிறக்கும் முன்பே போடப்பட்டவை. வயதாக ஆகத் தளர்கின்றன. கட்டுத் தளர்ந்தால் ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ போய்விடும். 40 வயதைத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கும் மேல் இப்படி இருக்கின்றன. பழ ஈக்களின் முட்டையில் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதியைக் குறைத்துப் பார்த்த சோதனைகளில் இந்தக் கட்டு சீக்கிரம் தளர்ந்தது. ஆக, அழுத்தத்துக்கும் குரோமோசோம் பிழைக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் தளர்ந்த கட்டைத் திரும்ப இறுக்கிக் கட்டும் மாத்திரை இன்றைக்கு எதுவும் கிடையாது. இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

ஏ.எம்.எச் 0.8 என்று வந்திருக்கிறது. முட்டைகள் எல்லாம் கெட்டுவிட்டனவா?

ஏ.எம்.எச் என்பது சினைப்பை சுரக்கும் ஒரு ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. அது முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்து எத்தனை கிலோ தேறும் என்று சொல்வது போன்றது அது. புழு இருக்கிறதா என்பது எடையில் தெரியாது. 0.8 என்றால் ஊசி போட்டுத் தூண்டும்போது குறைவான முட்டைகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். 28 வயதில் 0.8 உள்ளவரின் நான்கு முட்டைகள், 42 வயதில் 2.5 உள்ளவரின் பத்து முட்டைகளைவிட நல்ல பலன் தரக்கூடும்.

2017இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தையின்மை வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுள்ள 750 பெண்களைக் கவனித்தார்கள். ஏ.எம்.எச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். திருமணமான புதிதில் "சும்மா ஒரு செக்கப்" என்று ஏ.எம்.எச் எடுத்துவிட்டுத் தூக்கம் தொலைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் மேல் இல்லை, அந்த டெஸ்ட்டை எழுதிக்கொடுத்தவர்கள் மேல்.

யாருக்கு இந்த அழுத்தம் அதிகம் இருக்கும்?

வயதைச் சொல்லிவிட்டேன். புகையிலை அடுத்தது. புகைபிடிப்பவர்களுக்கு மாதவிடாய் ஓரிரு வருடம் முன்னதாகவே நின்றுபோகிறது. நம் வீடுகளில் பெண்கள் புகைப்பது குறைவு என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கணவர் படுக்கையறை ஜன்னலோரம் நின்று பிடிப்பதும் உங்கள் நுரையீரலுக்குத்தான் வருகிறது. புகையிலையின் நிக்கோட்டின் உடைந்து உண்டாகும் பொருளைச் சினைத்திரவத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, அதிக உடல் எடை, நீர்க்கட்டியோடு வரும் இன்சுலின் எதிர்ப்பு, இவையும் அழுத்தத்தைக் கூட்டும்.

எண்டோமெட்ரியோசிஸைப் பற்றி, அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயைப் பற்றி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சினைப்பையில் உருவாகும் "சாக்லேட் கட்டி"க்கு அந்தப் பெயர் வந்ததே உள்ளே தேங்கிய பழைய ரத்தத்தின் நிறத்தால்தான். பழைய ரத்தம் என்றால் இரும்பு. கட்டுக்குள் இல்லாத இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் இருப்பதிலேயே முரட்டுத்தனமான ஹைட்ராக்சில் மூலக்கூறு பிறக்கும். கட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஆரோக்கியமான திசு இதில் அடிபடுகிறது. அப்படியானால் கட்டியை வெட்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். வெட்டும்போது நல்ல திசுவும் சேர்ந்து போகும், ஏ.எம்.எச் இறங்கும். அதனால்தான் எல்லாக் கட்டிக்கும் கத்தி வைப்பதில்லை. ஓர் ஆறுதலும் உண்டு: ஐ.வி.எஃப் முறையில், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் உருவாக்கிய கருக்களைச் சோதித்தபோது, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் குரோமோசோம் பிழை அதே வயதுள்ள மற்றவர்களின் அளவில்தான் இருந்தது.

இதை அளக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறதா?

ஆராய்ச்சிக்கு இருக்கிறது. உங்கள் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு நம்பகமான ஒன்று இல்லை. ரத்தத்தில் இருப்பது சினைப்பைக்குள் இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்" என்று யாராவது விற்றால் அந்தப் பணத்தை ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோ என்சைம் க்யூ10 உண்மையிலேயே வேலை செய்கிறதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் "ஓரளவு" என்பதற்கும் "இன்னும் நிரூபணமாகவில்லை" என்பதற்கும் நடுவில் இருக்கிறது.

க்யூ10 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இயல்பாகவே இருக்கும் பொருள். சக்தி தயாரிக்கும் சங்கிலியில் எலக்ட்ரான்களைக் கைமாற்றுவது அதன் வேலை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உபதொழில். வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது முட்டைகள் தேறின. எலிகள் பாக்கியசாலிகள், அவற்றுக்கு எல்லா மருந்தும் வேலை செய்யும்.

பெண்களிடம் செய்த ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். 2018இல் வெளியான சீன ஆய்வில் 35 வயதுக்குக் குறைந்த, முட்டை இருப்பு குறைவான பெண்கள் ஐ.வி.எஃப்புக்கு முன் 60 நாள், தினம் 600 மில்லிகிராம் எடுத்தார்கள். கூடுதல் முட்டைகள் கிடைத்தன, நல்ல தரமான கருக்களும் கூடின. ஆனால் குழந்தை பிறந்த விகிதத்தில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இன்னொன்று 2014இல் கனடாவிலிருந்து வந்தது. 35 முதல் 43 வயதுள்ளவர்களிடம் குரோமோசோம் பிழை க்யூ10 எடுத்தவர்களில் 46.5 சதவீதம், எடுக்காதவர்களில் 62.8 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இருந்தவர்களே 39 பேர்தான், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, பெண்களுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கொடுத்த 63 ஆய்வுகளை, மொத்தம் 7,760 பெண்களை, சேர்த்துவைத்துப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்று முடித்தது.

என் அபிப்பிராயம்: 35 வயதுக்குக் கீழே முட்டை குறைவாக உள்ளவர், எப்படியும் ஐ.வி.எஃப்புக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்றால் எடுப்பதில் நியாயம் உண்டு. கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள். கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு இது முக்கியமில்லை.

மெலடோனின், டி.எச்.இ.ஏ?

மெலடோனின் தூக்க ஹார்மோன் என்றாலும் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பானும்கூட, சினைத்திரவத்தில் இயல்பாகவே இருக்கிறது. 2008இல் ஜப்பானிய ஆய்வொன்று தினம் 3 மில்லிகிராம் கொடுத்தபோது சினைத்திரவத்தில் சேத அடையாளம் குறைந்ததாகச் சொன்னது. அப்புறம் ஆஸ்திரேலியாவில் 160 பெண்களிடம் வெவ்வேறு அளவில் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். ரத்தத்திலும் சினைத்திரவத்திலும் மெலடோனின் ஏறியது, முட்டையிலோ கர்ப்பத்திலோ மாற்றம் தெரியவில்லை. பகலில் போட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.எச்.இ.ஏ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. அது ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய பொருள். முகப்பரு, தேவையில்லாத ரோமம் வரலாம். நீர்க்கட்டி உள்ளவர்கள் தோழி சொன்னாள் என்று வாங்கிச் சாப்பிடவே கூடாது.

ஏன் எல்லோரும் "மூணு மாசம்" என்கிறார்கள்?

உறங்கிக் கிடந்த சினைப்பை நுண்குமிழ் வளர்ந்து வெடிக்கும் வரையிலான பயணம் பல மாதம். அதில் கடைசிக் கட்டம் கிட்டத்தட்ட 85 நாள். அடுத்த மாதம் எடுக்கப்போகும் முட்டை ஏற்கெனவே வளர ஆரம்பித்துவிட்டது என்பதால், எதைச் செய்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பலன் கேட்க முடியும்.

எனக்கு 39. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஐ.வி.எஃப் போகலாமா?

மூன்று மாதம் என்று ஆரம்பித்தது ஆறாகி, எட்டாகி, "இன்னொரு பாட்டில் முடியட்டும்" என்று 40 தாண்டியவர்கள் உண்டு. 39இல் மாத்திரை கொடுக்கக்கூடிய லாபம் நிச்சயமில்லாதது, காத்திருப்பதால் வரும் நஷ்டம் நிச்சயமானது. சிகிச்சையும் மாத்திரையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பொதுவாகவே 35 தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 40 தாண்டினால் காத்திருக்காமலே.

மாமியார் தினமும் நெல்லிக்காய்ச் சாறு கொடுக்கிறார். போதுமா?

குடியுங்கள், நல்லதுதான். வைட்டமின் சி அதில் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பலமடங்கு. சர்க்கரை கொட்டிக் கலக்கினால் ஒரு பக்கம் கொடுத்து இன்னொரு பக்கம் பிடுங்கியது மாதிரி ஆகும். முருங்கைக் கீரை, நிலக்கடலை, எள், மத்தி மீன், பருப்பு, காய்கறி என்று கலந்து சாப்பிடுகிற வீட்டில் தனியாக "முட்டைக்கான டயட்" தேவையில்லை. ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குக் கிடைக்கும் க்யூ10 மூன்று முதல் ஆறு மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 600 மில்லிகிராமை எந்த மீன்குழம்பும் தராது. மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், அன்போடு கொடுக்கிறார்.

இயற்கைப் பொருள்தானே, அதிகமாக எடுத்தால் என்ன?

முதலில், அந்த அடங்காத மூலக்கூறுகள் முழுக்கவும் வில்லன்கள் அல்ல. முட்டை வெடித்து வெளிவரவே அவை கொஞ்சம் தேவை. எலிகளின் சினைப்பையில் அவற்றை முழுசாக அடக்கியபோது முட்டை வெளியேறுவதே தடைப்பட்டது. அடுத்து, நான்கு பாட்டில்களின் லேபிளையும் வரிசையாக வைத்துப் படியுங்கள். ஒரே வைட்டமின் அவற்றில் மூன்றில் இருக்கும். ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ தினம் 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கு ஊனம் உண்டாக்கும் ஆபத்து இருக்கிறது. வைட்டமின் இ அதிக அளவில் ரத்தக்கசிவைக் கூட்டும். முட்டை எடுப்பது ஊசி குத்தித்தான் என்பதால், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு க்யூ10 அதன் வேலையைக் குறைக்கலாம்.

கணவருக்கும் ஒரு பாட்டில் வாங்கலாமா?

அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம், ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: குழந்தை பிறந்த விகிதம் மருந்து சாப்பிட்டவர்களில் 34 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35. பாட்டிலுக்குப் பதில் சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அது இருவருக்கும் உதவும்.

ஆய்வகத்தில் எங்கள் முட்டைக்கு இந்தப் பாதிப்பு வராதா?

நல்ல கேள்வி, ஆனால் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன். கருக்குழாய்க்குள் அது 2 முதல் 8 சதவீதம்தான். ஆய்வகத்தில் வெளிக்காற்று அளவில் வைத்துக் கருவை வளர்த்தால் பழக்கமில்லாத ஆக்சிஜனில் அது திண்டாடும். அதனால் நைட்ரஜனைக் கலந்து 5 சதவீதத்துக்கு இறக்கிய இன்குபேட்டர்களில் வளர்க்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இப்படி வளர்த்தபோது குழந்தை பிறக்கும் விகிதம் கூடியது. நீங்கள் போகும் இடத்தில் "ஐந்து சதவீத ஆக்சிஜனிலா வளர்க்கிறீர்கள்?" என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எல்லாம் பார்த்தாயிற்று, டோனர் முட்டை என்கிறார்கள். தரம் அவ்வளவு மாறுமா?

மாறும். 42 வயதுப் பெண்ணின் கருப்பை 26 வயது முட்டையிலிருந்து உருவான கருவைச் சிரமமில்லாமல் சுமக்கும். பழுது கருப்பையில் இல்லை, முட்டையில் என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டதே இப்படித்தான். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தானம் கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு 50 வயது வரை அனுமதி. போகலாமா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அதற்குள் இழுத்துவிட மாத்திரைக் கம்பெனிக்கும் உரிமையில்லை, அத்தைக்கும் இல்லை.

பாசிட்டிவ் வந்துவிட்டது! மாத்திரைகளைத் தொடரலாமா?

முதலில் வாழ்த்துகள். ஃபோலிக் அமிலத்தைத் தொடருங்கள். மருத்துவர் கொடுத்த புரோஜெஸ்டரானை அவர் சொல்லும் நாள் வரை ஒரு வேளைகூட விடாதீர்கள். க்யூ10, மெலடோனின் போன்றவற்றின் வேலை முட்டை எடுத்த அன்றே முடிந்துவிட்டது, கர்ப்பத்தில் அவற்றைத் தொடரப் போதிய ஆதாரமும் இல்லை. மீதி இருக்கும் பாட்டிலை வராந்தாவில் அறிமுகமான அக்காவிடம் கொடுக்க வேண்டாம். அவருக்கு வேறு பிரச்சினை இருக்கலாம்.